பூட்டிய வால்வும் பூசாத கூரையும்

அன்பு மாப்ள செல்வம்,

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. கப்பலூர் பட்டறை ஷெட்டில் சாப்பாட்டு மணி அடித்ததும் காற்று வரும் கம்ப்ரசர் வால்வை இப்போது நான்தான் அடைக்கிறேன். சிரிக்காதே.

நீ அடைத்தபோது சிரித்தவன் நான். "ஆளில்லாத நேரத்துல மெசின் எதுக்குடா ஓடணும்? கரண்டும் கரியை எரிச்சுத்தானே வருது" என்பாய். "நீ ஒரு வால்வைத் திருகுனா பூமி குளுந்துருமாக்கும்" என்பேன். இன்ஜினியர் அல்லவா, கணக்கு என் பக்கம் இருந்தது.

சித்திரை வெயிலில் லேத் பக்கத்தில் சரிந்தாய். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருந்த சூட்டை யாரும் எழுதவில்லை.

உன் காரியம் முடிந்த மறுநாளே வால்வுக்குப் பூட்டுப் போட்டேன். நம் ஆட்களின் வழக்கம் தெரியுமே, சாப்பாட்டு நேரத்தில் வேர்வை அடங்க ஏர் ஹோஸைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார்கள். கெஞ்சினார்கள். "செல்வம் சொன்னது" என்று ஒரே பேச்சாக நின்றேன்.

நேற்று பேக்கிங் பாண்டியம்மாக்கா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏந்தம்பி, அவன் காத்தை அடைச்சான்னா எங்களை வேப்பமரத்தடிக்கு வெரட்டிட்டுப் போயிருவான். நீ அடைச்சுப்புட்டு உன் ஃபேன் ரூமுக்குப் போயிர்ற. அவன் பேரைச் சொல்லி எங்களையும் அவன் போன எடத்துக்கே அனுப்பவா பாக்குற?"

அக்கா சொன்னது சரிதான் மாப்ள. உன் பழக்கத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் உனக்காகவா, என் கோபத்துக்காகவா?

கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும், முதலாளியிடம் பேசு என்று நீ கேட்டபோது நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அடுத்த மாசம் பாப்போம்."

இன்று போய்ப் பேசினேன். "அடுத்த மாசம் பாப்போம்ப்பா" என்றார் முதலாளி.

"இதையேதாண்ணே நான் செல்வத்துக்கிட்ட சொன்னேன். அடுத்த மாசம் அவன் இல்ல. ஞாயித்துக்கெழமை நானே ஏறி அடிக்கிறேன்."

"என்னைக் கேக்காம ஏறுன, திங்கக்கெழமை வேலைக்கு வராத. சொல்லிப்புட்டேன்."

பூட்டைக் கழற்றிவிட்டேன். சுண்ணாம்பும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு எதற்கு என்கிறாயா? "நானும் வாரேன்" என்கிறார் பாண்டியம்மாக்கா.

ஞாயிறு, வெயில் ஏறுமுன் கூரையில் இருப்பேன். திங்களன்று வேலை இருந்தால், கடைசி ஆள் மரத்தடிக்குப் போன பிறகுதான் வால்வை அடைப்பேன். நானும் அங்கேதான் சாப்பிடுவேன். வேலை இல்லையென்றால்? வால்வை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

எதற்கும் தாமதமாகவே வரும் உன் மாப்ள,
கார்த்தி