அய்யலூர்ச் சந்தையில் இறங்கிய சூறைக்காற்று

இன்று மத்தியானம் காற்று அடியோடு நின்று, வாசலில் புழுதி வாசம் எழுந்தது. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். தோல்மண்டிக் குடும்பத்துப் பிள்ளையான நீயும், மாதா கோயில் தெருக்காரனான நானும் கூட்டாக ஆடு வாங்க அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருந்தோம். பேரம் சூடுபிடித்திருந்தபோது நீ மட்டும் குஜிலியம்பாறைப் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கருமேகத்திலிருந்து தும்பிக்கைபோல ஒன்று தொங்கியது. அது தரையைத் தொட்ட இடத்தில் செம்மண் சுழன்று எழுந்தது.

சனம் தகரக் கொட்டகைக்கும் புளியமரத்தடிக்கும் ஓடியது. நீ குறுக்கே கையை விரித்து நின்றாய்.

"மரத்தடிக்குப் போகாதீக! தகரத்துக்கு அடியிலயும் நிக்காதீக! ஓடையில எறங்கிக் குப்புறப் படுங்க!"

"ஆட்ட விட்டுட்டு எங்கிட்டு வாரது?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நீயோ, காலையில் நாம் வாங்கிய ஆடுகளின் கயிற்றை அவர் கண்முன்னே அறுத்துவிட்டாய். அதைப் பார்த்துத்தான் அவர் ஓடைக்கு ஓடினார். அவர் பின்னால் சந்தையே ஓடியது.

வறண்ட ஓடைக்குள் தலையைக் கைகளால் மூடிக் கிடந்தோம். முதுகின்மேல் ரயில் போவதுபோல இரைச்சல். மோர் விற்கும் பெண்ணின் குழந்தையை உன் நெஞ்சுக்கடியில் அணைத்திருந்தாய். உன் உதடுகள் விடாமல் ஓதிக்கொண்டிருந்தன. நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

காற்று கடந்ததும் பெருமழை பிடித்தது. பிழைத்தோம் என்று எல்லோரும் அப்படியே கிடக்க, நீ மறுபடியும் கத்தினாய். "எந்திரிங்க! தண்ணி வந்துரும், மேல ஏறுங்க!"

கடைசி ஆள் கரையேறிய சற்று நேரத்தில் செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மேலே, புளியமரம் வேரோடு கொட்டகையின்மேல் சாய்ந்து கிடந்தது. "கிட்டப் போகாதீக, கரண்டுக் கம்பி அறுந்து கெடக்கு" என்று ஒவ்வொருவரையும் தடுத்தாய்.

"ஒனக்கு எப்பிடிடா இம்புட்டும் தெரியும்?" என்றேன்.

"செம்பட்டி ரோட்டுல இப்பிடி ஒரு காத்துலதான் எங்கண்ணன் மரத்தடியில ஒதுங்குனான், மாப்ள."

உன் அண்ணன் எப்படி இறந்தார் என்று அதுவரை நீ வாய் திறந்ததில்லை.

ஆடுகளில் சில திரும்பவேயில்லை. மனிதர்கள் அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். குழந்தையை வாங்கிக்கொண்ட அந்தப் பெண் என்னிடம், "யாருய்யா அவுக?" என்று கேட்டாள்.

"என் கூட்டாளி" என்றேன்.

உன்னைப் பற்றி யார் கேட்டாலும் இப்போதும் அந்தச் சொல்தான் வருகிறது. சொல்லும்போது, கூன் விழுந்த இந்த முதுகும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது.