சம்பளமில்லா விடுப்பு

குற்றாலம்,
9.6.2025, திங்கள்

அன்புள்ள சுந்தரி,

ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குக் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆபீஸ் நேரத்தில் உனக்குப் போன் செய்தால் "ம்... ம்... சரிட்டி, வைக்கேன்" என்பதைத் தவிர நீ வாயைத் திறப்பதில்லை. பின்னால் சூப்பிரண்டு பரமேஸ்வரன் சார் இருமுவது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. வீட்டுக்குப் போனால் உனக்கு வேலை சரியாக இருக்கும். நம் காலேஜ் பஸ் தினமும் எங்கள் தெரு முனையில்தானே திரும்புகிறது? டிரைவர் நாகராஜன் அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவர் கையிலேயே கொடு.

வேலையை விட்டு ஒரு வாரமாகிவிட்டது. பதினான்கு வருடம் உன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழும் போனஃபைடும் எழுதிய கை இனிமேல் கதை எழுதப் போகிறது. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று காலை எட்டரைக்குக் குளித்து, சேலை கட்டி, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தை அடைத்து மூடிய பிறகுதான் எங்கே போகப் போகிறோம் என்று யோசித்தேன். பதினோரு மணிக்கே அதைத் திறந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்தால் மணி மூன்று. முழுநேர எழுத்தாளர் என்றால் இதுதானா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நான் உன்னிடம் கொடுத்துவிட்டு வந்த ராஜினாமாவுக்குச் செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார் அல்லவா? பிரிவுபசாரம் வேண்டவே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இருந்தாலும் ஒருத்தர்கூடப் போன் செய்து "ஏன் போய்விட்டாய்" என்று கேட்காதது கொஞ்சம் வருத்தம்தான்.

உன்,
ஜோதி

தென்காசி,
13.6.2025

ஏட்டி ஜோதி,

உன் கடிதத்தை அட்மிஷன் விண்ணப்பங்களுக்கு நடுவில் ஒளித்து வைத்துப் படித்தேன். "என்னம்மா அது, அவ்வளவு நீளமா எழுதியிருக்கான் பையன்?" என்று பரமேஸ்வரன் சார் கேட்டார். "ஃபீஸ் கொறைக்கச் சொல்லுதான் சார்" என்றேன். நம்பிவிட்டார்.

ராஜினாமாவைப் பற்றி நீ கவலைப்படாதே. அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். நீ போய் எழுதுகிற வேலையைப் பார்.

உனக்குப் பயமாக இல்லையா? என் வீட்டுக்காரர் மில் வேலையை விட்டுவிட்டு செல்போன் கடை வைத்தது உனக்குத் தெரியும். கடையை மூடிய பிறகு அதே மில் வாசலில் ஆறு மாதம் போய் நின்றார். உள்ளே விடவில்லை. அந்த ஆறு மாதத்தில்தான் அவருக்குப் பேச்சு குறைந்துபோனது. நீ பேசாமல் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

வேளைக்குச் சாப்பிடு. பகலில் தூங்காதே, உடம்பு ஊதிவிடும்.

அன்புடன்,
சண்முகசுந்தரி

குற்றாலம்,
21.7.2025, திங்கள்

அன்புள்ள சுந்தரி,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று ஏசாதே. சாரல் இந்த வருடம் நன்றாக விழுகிறது. அருவி கொட்டினால் சொந்தபந்தமும் கொட்டும். போன வருடம்வரை காலையில் "ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று நான் செருப்பை மாட்டினால் எல்லோரும் தாங்களாகவே வழி கேட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். இப்போது ராயகிரியிலிருந்து வந்த எங்கள் மதனி, "ஜோதி சும்மாத்தான இருக்கா, அவளக் கூட்டிட்டுப் போங்க" என்று அறிவித்துவிட்டாள். இந்த மாதம் ஐந்தருவிக்கு ஒன்பது தடவை போனேன். ஒரு தடவைகூடக் குளிக்கவில்லை. கரையில் நின்று எல்லோருடைய மூக்குக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டிருப்பவள் நான்தான். எட்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தும் எனக்கு என் எதிர்காலம் தெரியவில்லை.

எழுத்து வேலை வரத்தான் செய்கிறது. ஒரு தங்கும் விடுதிக்காரருக்கு அறைகளை வர்ணித்து எழுதிக் கொடுத்தேன். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு மலர் போடுகிறார்கள். மகன், மகள், மருமகள், சம்பந்தி என்று பதினொரு பேர் அவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதுகிறார்கள். பதினொன்றையும் எழுதுவது நான். முந்தாநாள் அண்ணாச்சியே நேரில் வந்துவிட்டார். "ஏம்மா, என் மருமவ ஒரு காப்பி குடுக்கதுக்கு முன்னால நாலு வார்த்த ஏசுவா. நீங்க என்னன்னா 'தந்தைக்கு நிகரான மாமனார்'னு எழுதிருக்கிய. மண்டபத்துல எவன் நம்புவான்? கொஞ்சம் ஏச்சும் சேத்து எழுதுங்க" என்றார். சேர்த்து எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல கட்டுரை. அதன் அடியில் அந்த மருமகள் பெயர் இருக்கிறது.

மகள் ஒரு படிவம் கொண்டுவந்தாள். தாயின் தொழில் என்ற இடத்தில் எழுத்தாளர் என்று எழுதப் போனேன், கை வரவில்லை. "இல்லத்தரசின்னு போட்டிரு, யாரு வந்து பாக்கப் போறா" என்றார் என் வீட்டுக்காரர். கோபம் வந்து அப்படியே விட்டுவிட்டேன். அவளே "கல்லூரி ஊழியர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதைக் கேட்டதும் ஏன் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று தெரியவில்லை.

நாகராஜன் அண்ணாச்சி பார்க்கும்போதெல்லாம் "எப்ப வருவிய மேடம்?" என்று கேட்கிறார். நல்ல மனுஷன், போனவளையும் விசாரிக்கிறார்.

உன்,
ஜோதி

தென்காசி,
28.7.2025

அன்பு ஜோதி,

மருமகள் கட்டுரையின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். என் மாமியார் மணிவிழாவுக்கு உதவும்.

ஒரு விஷயம் கேட்கிறேன், கோபப்படாதே. திரும்பி வரவேண்டும் என்று தோன்றினால் என்னிடம் சொல்வாயா? முதலில் என்னிடம் சொல். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே வைத்திருக்காதே. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

அன்புடன்,
சண்முகசுந்தரி

குற்றாலம்,
6.10.2025, திங்கள்

அன்புள்ள சுந்தரி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். சென்னையில் ஒலிக்கதைகள் வெளியிடும் நிறுவனம் ஒன்றுக்கு மூன்று கதை அனுப்பியிருந்தேன். ஒரு வருட ஒப்பந்தம் தருகிறார்கள். வாரம் ஒரு கதை. என் பெயரில், சுந்தரி! ஜோதிலட்சுமி என்று முழுப் பெயரையும் வாசிப்பார்களாம்.

என் வீட்டுக்காரர் "அப்படியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். நான் வேறெங்கும் முழுநேர வேலையில் இல்லை என்பதற்குப் பழைய இடத்திலிருந்து பணி விடுவிப்பு ஆணை. மாதக் கடைசிக்குள் வேண்டும். அதை நான் வாங்காமலே விட்டுவிட்டேன் பார், என் புத்தி! நீ டைப் அடித்துச் செயலாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும்.

ஆனந்தத்தில் இருக்கும்,
உன் ஜோதி

தென்காசி,
16.10.2025

அன்பு ஜோதி,

ரொம்ப சந்தோஷம். செயலாளர் ஊரில் இல்லை. வந்தாலும் தீபாவளி நேரம், போனஸ் பேச்சில் எரிந்து விழுவார். தீபாவளி கழியட்டும், பார்க்கலாம். ஒப்பந்தத்தை நன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. வருடம் முடிந்ததும் அவர்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்றும் யோசி.

சுந்தரி

குற்றாலம்,
4.11.2025

சுந்தரி,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஆணை வராததால் அவர்களே காலேஜுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். "அவங்க லீவுலல்லா இருக்காங்க, டிசம்பர் ஒண்ணாந்தேதி வந்துருவாங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலையில் இருப்பதை நான் மறைத்துவிட்டேன் என்று ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

நான் லீவில் இருக்கிறேனா? மே முப்பதாம் தேதி நான் உன் கையில் கொடுத்தது என்ன? ஐந்து மாதமாக நான் யார்? தயவுசெய்து பதில் எழுது.

ஜோதிலட்சுமி

தென்காசி,
7.11.2025

ஜோதி,

உன் ராஜினாமாவை நான் செயலாளரிடம் கொடுக்கவே இல்லை. அது என் டிராயரில் இருக்கிறது.

நம் அறையில் எல்லோரும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து வைப்போமே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் போன் வந்தால் நான் மேலே விடுப்புக் கடிதத்தை எழுதிச் சேர்த்துவிடுவேன். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்த அன்று உனக்கும் எனக்கும் எத்தனை காய்ச்சல் வந்திருக்கிறது! அப்படி உன்னுடைய தாள் ஒன்று மிச்சமிருந்தது. அதில் குடும்பச் சூழ்நிலை காரணமாக ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு வேண்டும் என்று நான்தான் எழுதினேன். அனுமதி கிடைத்துவிட்டது. நகல் இத்துடன் இருக்கிறது.

நீ இரண்டு வாரத்தில் அழுதுகொண்டு வருவாய், "இந்தாட்டி, உன் வேலை அங்கனயே இருக்கு" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். நீ வரவில்லை. அப்புறம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டில் நடந்தது உன் வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் செய்தேன். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். அந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே என்பதும் இருந்தது.

நான் செய்தது தப்பு. நீ எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு.

சுந்தரி

தென்காசி,
21.11.2025

அன்பு ஜோதி,

இரண்டு வாரமாக நாகராஜன் அண்ணாச்சி வெறுங்கையோடு வருகிறார். நான் கேட்பதற்கு முன்பே "இல்லம்மா" என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

சென்னைக்காரர்களுக்கு எல்லாம் என் தப்பு என்று எழுதிப் போட்டேன். பதில் இல்லை. டிசம்பர் ஒன்றாம் தேதி நீ வந்து கையெழுத்துப் போட்டால் வேலை உன்னுடையது. வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏசியாவது ஒரு வரி எழுதேன்.

உன்,
சுந்தரி

குற்றாலம்,
29.11.2025, சனி

அன்புள்ள சுந்தரி,

பல தடவை எழுதிக் கிழித்தேன். எல்லாமே உன்னை ஏசுகிற கடிதங்கள். ஏசுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது என்பது உண்மை. என் பெயரில் நீ எழுதிய விடுப்புக் கடிதத்தைப் படித்தேன். ஆறு மாதமாக ஊரார் பெயரில் எழுதிப் பிழைக்கிறவள், தன் பெயரில் ஒருத்தி எழுதிவிட்டாள் என்று கோபப்படலாமா என்றும் நினைத்துப் பார்த்தேன். கோபப்படலாம். அந்த மருமகள் என்னை எழுதச் சொன்னாள். நான் உன்னை எழுதச் சொல்லவில்லை.

ஆனால் நான் எழுதாமல் இருந்தது அதனால் இல்லை. அவரிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். டிராயரில் இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம் வரவில்லை. "அப்பாடா" என்றிருந்தது. அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். வேலை போகவில்லை, வேலை இருக்கிறது என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னேன். கோபம் மறுநாள்தான் வந்தது. அந்த மறுநாளிலிருந்து எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. எழுத வேண்டும் என்று நான் வந்தது நிஜமா, அல்லது சும்மா ஆபீஸ் அலுத்துப்போய் வந்தேனா? உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அதற்குத்தான். இந்த ஒன்றை நான் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

மே மாதம் ராஜினாமா எழுதியபோது எனக்குப் பயமே இல்லை, ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் தெரியும். சென்னைக்காரர்கள் திரும்பி வரமாட்டார்கள். சாரல் வந்தால் உறவும் வரும். அவரிடம் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் பத்து நாளாக ஒரு கதை எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை, யார் பெயருக்கும் இல்லை. நன்றாக வருகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. அதை மூடி வைத்துவிட்டு வேலைக்கு வந்தால் திரும்ப அதைத் திறக்கமாட்டேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், கையெழுத்துப் போட இல்லை. புதிதாக ஒரு ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். செயலாளர் அறைக்கு நேராகப் போகலாம் என்று பார்த்தேன். ஆனால் வருகிற கடிதம் எதுவானாலும் உன் மேஜையில்தானே பதிய வேண்டும். அன்றைய தேதியோடு வரவு முத்திரை குத்தி, நகலை என் கையில் கொடு. அதற்கப்புறம் உன்னோடு பேசுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

முத்திரை குத்தும்போது என்னை நிமிர்ந்து பார்க்காதே. நீ பார்த்தால் நான் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

ஜோதி