காற்றுத் தாள்

ஏரிக்கரை
மார்ச் 4

அன்புள்ள கூரைக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று மகள் விடுதியிலிருந்து பேசும்போது சொன்னாள். இளைத்திருப்பதாகவும் சொன்னாள். அதைப் பாதிதான் நம்பினேன்.

போனில் பேசினால் நாலாவது நிமிஷம் சண்டை வருகிறது, அதனால் இந்தப் படகுப் பூங்கா வேலை முடியும்வரை எல்லாம் கடிதத்தில்தான் என்று நான் கிளம்பும்போது பேசிக்கொண்டோம். நல்ல முடிவுதான். எழுதும்போது நீங்கள் குறுக்கே பேசுவதில்லை.

இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். மேஜை இல்லை. இரண்டு பெயிண்ட் டிரம்மின் மேல் ஒரு பழைய கதவைப் போட்டு வரைகிறேன். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் பென்சில் விழுந்துகொண்டே இருக்கிறது.

நிலத்தை மூன்று முறை நடந்து அளந்துவிட்டேன். ஏரி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. இரண்டு முனையிலும் கரை சரிவாக, நல்ல மண்ணாக இருக்கிறது. மோட்டார் படகுகளுக்கு நடு ஏரிதான், வேறு வழியில்லை. முதன்முதலாகத் தண்ணீரில் இறங்குகிறவர்களை எந்த முனையில் இறக்குவது என்பதுதான் கேள்வி. அவர்களுக்குத் துடுப்பைப் பிடிக்கவே தெரியாது. காற்றுதான் அவர்களைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆகவே, காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ அந்தக் கரையில்தான் பயிற்சிப் படகுத்துறை வரவேண்டும். மற்ற முனையில் வண்டி நிறுத்தம்.

இப்போது இங்கே ஓர் இலைகூட அசையவில்லை. காற்று மே கடைசியில்தான் தொடங்குமாம், அதுவும் மதியத்துக்கு மேல்தான். எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். வானிலை அலுவலகத்தில் பன்னிரண்டு மாதக் கணக்கை வாங்கி, வழக்கம்போல மெல்லிய தாளில் அம்புகளாகப் போட்டு அனுப்புங்கள். என் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மண்ணுக்காரி


அலுவலகம்
மார்ச் 15

அன்புள்ள மண்ணுக்காரிக்கு,

காற்றுத் தாள் இத்துடன் இருக்கிறது. வானிலை அலுவலகத்தில் நாலு நாள் அலையவிட்டார்கள். தடித்த அம்புகள் காற்று அதிகமுள்ள மாதங்களுக்கு. படகுக் கொட்டகையின் கூரை, உடை மாற்றும் அறைகள் எல்லாம் பாதி வரைந்தாகிவிட்டது. துறை எங்கே வருகிறது என்று நீ சொன்னால் மீதியையும் முடிப்பேன்.

கட்டடம் எனக்கு, நிலம் உனக்கு என்று பிரித்துக்கொண்ட நாளில் தட்டச்சுக்காரர் வைத்த பட்டப்பெயர்களை இப்போது சொல்லிக் கூப்பிட இங்கே யாரும் இல்லை. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாகச் சேர்ந்த பெண் உன் நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டாள். "அது கால் ஆடுதும்மா, விழுந்துடுவே" என்று சொல்லிவிட்டேன். பூங்கா முடிந்ததும் நீ வந்து உட்காரலாம். கால் ஆடவில்லை.

கதவின் மேல் வரைகிறாய் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. பூங்கா முதலாளிக்குப் போன் செய்து, உனக்கு ஒரு நல்ல மேஜை ஏற்பாடு செய்யச் சொன்னேன். இந்த வாரமே வந்துவிடும்.

கூரைக்காரர்


ஏரிக்கரை
ஏப்ரல் 2

அன்புள்ள கூரைக்காரருக்கு,

மேஜை வந்தது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். "வீட்டுக்காரர் சொன்னாராம், மேடம் தரையில உக்காந்து வரையறாங்கன்னு" என்று இரும்புக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். நான் தரையில் உட்காரவில்லை, மேஜையும் கேட்கவில்லை. நல்ல மேஜைதான்.

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன். கண்காட்சிக் கூடத்து வேலையில் என் நடைபாதைகளை எனக்குத் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு, "உனக்குச் சிரமம் வேண்டாம்னுதான்" என்றீர்கள். நான் கிளம்பியது அந்த நடைபாதைக்காக இல்லை. அந்தச் 'சிரமம் வேண்டாம்' என்பதற்காக. கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் எனக்கு வரவேண்டிய சிரமங்களில் பாதியை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டீர்கள். நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் அதனால் எதுவும் மிஞ்சவில்லை.

வேலைக்கு வருகிறேன். உங்கள் தாளை வைத்துப் பார்த்தேன். காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. எனவே பயிற்சித் துறை மேற்குக் கரையில். இந்த வாரம் தண்ணீருக்குள் தூண் இறக்குகிறார்கள். வண்டி நிறுத்தம் கிழக்கே.

துறைக்கும் கொட்டகைக்கும் எண்பது அடிக்கு மேல் வைக்காதீர்கள். சீட்டுக் கொடுக்கச் சேர்ந்திருக்கும் அம்மாவும் நானும் ஒரு படகைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தோம். எண்பதாவது அடியில் அவர் படகைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு நீந்தியே போயிடலாம் மேடம்" என்றார்.

மண்ணுக்காரி


ஏரிக்கரை
மே 27

அன்புள்ள கூரைக்காரருக்கு,

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று வெள்ளோட்டம். பயிற்சியாளர் (இங்கே எல்லோரும் அவரை 'விசில்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், சாப்பிடும்போதும் கழுத்தில் அது தொங்கும்) பூங்கா ஆட்களில் படகே ஏறாத ஆறு பேரை மேற்குத் துறையிலிருந்து இறக்கினார். இரண்டு மணிவரை எல்லாம் சரி. இரண்டேகாலுக்குக் காற்று எழுந்தது. எங்கள் முதுகுப் பக்கமிருந்து, மேற்கிலிருந்து, நேரே ஏரிக்குள் அடித்தது.

ஆறு படகும் கரையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தன. அவர்கள் எவ்வளவு துழாவினாலும் தூரம்தான் கூடியது. சீட்டுக்கார அம்மா துடுப்பை மடியில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தபடியே போனார். நடு ஏரியில் மோட்டார் படகுக்காரர் சரியான நேரத்தில் வேகத்தைக் குறைத்ததால் பிழைத்தோம். ஒவ்வொருவராகக் கட்டி இழுத்து வர ஒரு மணி நேரம் ஆனது.

விசில் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, "மேடம், இங்க பசங்களை இறக்கினா ஏரி வாங்கிக்கும், திருப்பித் தராது" என்றார். பள்ளிக்கூடங்கள் ஜூலை முதல் வாரத்துக்கே முன்பதிவு செய்திருக்கின்றன.

அறைக்கு வந்து உங்கள் காற்றுத் தாளை எடுத்தேன். அதில் வடக்குக் குறி இல்லை. நம் மேஜையில் யாரும் வடக்கு போட்டதில்லை, ஜன்னல் பக்கம் வடக்கு என்று இருவருக்கும் தெரியும். அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்த பன்னிரண்டு வருஷமும் நீங்கள் எனக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாகத்தான் வரைவீர்கள், உங்கள் சின்னக் கூரைக் குறி எனக்கு எதிர்மூலையில் இருக்கும். இந்தத் தாளையும் அப்படியே, குறி எதிர்மூலையில் வரும்படி வைத்தேன். யோசிக்கக்கூட இல்லை, கை வைத்தது. மே கடைசியில் காற்று வரும் என்று தெரிந்தும் அதற்குக் காத்திருக்காமல் தூணை இறக்கச் சொன்னவளும் நான்தான்.

எந்தப் பக்கம் பார்த்து வரைந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம். முதலாளி வெளியூரில் இருக்கிறார், ஜூன் 2 வருகிறார். நானே நேரில் சொல்கிறேன். வேலை போனாலும் போகட்டும், நான்தான் சொல்ல வேண்டும்.

மண்ணுக்காரி


அலுவலகம்
மே 30

அன்புள்ள மண்ணுக்காரிக்கு,

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இந்த முறை என் பக்கம் பார்த்து, நேராகத்தான் வரைந்தேன். குறியை எதிர்மூலையில் வைத்ததும் உனக்குத் தாள் தலைகீழாகி, மேற்கு கிழக்காகியிருக்கிறது. எதிரே நாற்காலி காலியாக இருக்கும்போது தலைகீழாக வரைவானேன் என்று நினைத்தேன். வடக்குக் குறி போடத் தோன்றவில்லை. நீயும் எதிரே இல்லை, ஜன்னலும் உன்னிடம் இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை.

வடக்கு போடாதது என் தப்பு. அதனால் முதலாளிக்கு நேற்றே எழுதிவிட்டேன். காற்றுக் கணக்கும் அதை வைத்துத் துறையின் இடத்தைக் குறித்ததும் முழுக்க என் பொறுப்பு, உன் வரைபடம் நான் சொன்னபடி போட்டதுதான் என்று எழுதியிருக்கிறேன். நீ போய் அவர் முன்னால் நிற்க வேண்டியதில்லை. உனக்கு இந்த வயதில் இந்தப் பேச்செல்லாம் எதற்கு? ஜூன் முழுக்க நானே அங்கு வந்து தங்கி, மாற்று வேலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

கூரைக்காரர்


ஏரிக்கரை
ஜூன் 3

உங்களுக்கு,

நேற்று வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று மூன்று நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். உங்கள் கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. அவருக்கு எழுதியது முந்திக்கொண்டது.

உட்காரச் சொன்னார். நான் சுருளைப் பிரிக்கும் முன்பே, "வீட்டுக்காரர் எல்லாம் எழுதிட்டாரும்மா. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. ஆனைக்கும் அடி சறுக்கும். தப்பை ஒத்துக்கிற மனுஷன் இந்தக் காலத்துல எங்க கிடைக்கிறார்? அவரையே வந்து பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

நீங்கள் நல்லவர் என்பதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. அந்த அறையில் உங்களுக்கு நல்ல பெயர் வந்தது, எனக்கு ஆறுதல் வந்தது. செய்த தப்புகூட என்னுடையதாக இல்லை.

"காத்துத் தாளை வச்சது நான் சார். இடம் குறிச்சதும் நான்தான்" என்றேன்.

"அப்ப அவர் எழுதினது?"

"வடக்கு போடலைங்கிறது அவர் தப்பு. தூண் இறக்கினது என் தப்பு. அவர் ரெண்டையும் எடுத்துக்கிட்டார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க ரெண்டு பேர்ல யாரை நான் கேள்வி கேக்கிறது? எனக்கு ஒரு கையெழுத்து வேணும்மா" என்றார். என் கையெழுத்து என்று சொல்லிவிட்டுச் சுருளைப் பிரித்தேன்.

கிழக்குக் கரைக்குப் பயிற்சித் துறை போகிறது. வண்டி நிறுத்தம் மேற்கே வருகிறது. மேற்கே இறக்கிய தூண்கள் வீணில்லை, மோட்டார் படகு கட்ட ஆகும். ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒன்றுதான். பள்ளிக்கூடங்களைச் செப்டம்பருக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்றேன். முதலாளி கோபப்பட்டார், நல்ல சத்தமாகவே. வெளியே விசில் வரை கேட்டிருக்கிறது. அந்தத் திட்டு எனக்கென்றே வந்த திட்டு. வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பசித்தது. இரண்டு நாளைக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். முதலாளிக்கு எழுதியதைத் திரும்பப் பெற்று, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அதை எழுத முடியவில்லையென்றால் கொட்டகைக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன். நாற்காலியையும் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். பூங்கா முடிந்தாலும் நான் அந்த மேஜைக்குத் திரும்பி வரப்போவதில்லை. இத்தனை தூரம் வந்தும் உங்களை எதிரே உட்காரவைத்துத்தான் தாளை வைத்திருக்கிறேன். அது எனக்கும் நல்லதில்லை, படகில் ஏறுகிறவர்களுக்கும் நல்லதில்லை.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது.

மண்ணுக்காரி


அலுவலகம்
ஜூன் 11

அன்புள்ள மண்ணுக்காரிக்கு,

முதலாளிக்கு வேறு கடிதம் எழுதினேன். வடக்குக் குறி போடாதது நான், இடம் குறித்தது நீ, மாற்று வேலையில் நிலத்தைப் பற்றிய முடிவெல்லாம் உன்னுடையது என்று. நகல் இத்துடன் இருக்கிறது. எழுத நாலு நாள் ஆனது. 'உன் தப்பு' என்று எழுதக் கை வரவில்லை. உன்னை எதிலிருந்தாவது காப்பாற்றிக்கொண்டே இருந்தால்தான் நான் உனக்கு வேண்டியவன் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. இதை நேரில் சொல்லச் சொன்னால் சொல்லியிருக்க மாட்டேன்.

நாற்காலியைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றாள்.

கிழக்குக் கரையை எப்படி அமைக்கலாம் என்று மூன்று பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. நீ கேட்டால் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். புதுக் கொட்டகைக்குக் கதவு எந்தப் பக்கம்? கூரையின் சரிவு அதைப் பொறுத்தது. எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது, ஆனால் நிலத்தில் நிற்பவள் நீ.

கூரைக்காரர்


ஏரிக்கரை
ஜூன் 15

அன்புள்ள கூரைக்காரருக்கு,

நகல் கிடைத்தது. முதலாளியும் அவருடையதைக் காட்டினார். "இப்பதான் புரியுது" என்றார்.

கதவு வடக்குப் பக்கம். தண்ணீரைப் பார்த்து வைத்தால் மூன்று மணிக்குமேல் இரண்டு ஆள் சேர்ந்தாலும் சாத்த முடியாது. நான் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன், என்னையே தள்ளிக்கொண்டு போனது. கூரையின் தாழ்ந்த பக்கம் மேற்கே இருக்கட்டும். பெண்கள் உடை மாற்றும் அறையின் வாசல் துறையிலிருந்து தெரியக்கூடாது என்று சீட்டுக்கார அம்மா சொன்னார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று கிழக்குக் கரையில் மறுபடியும் வெள்ளோட்டம் விட்டோம். துறை இன்னும் இல்லை, மண்ணிலிருந்தே தள்ளிவிட்டோம். அதே ஆறு பேர். இந்த முறை நானும் ஏறினேன். இரண்டரை மணிக்கு விசில் எல்லோரையும் துடுப்பைப் படகுக்குள் எடுத்து வைக்கச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஏழு படகும், அவசரமில்லாமல், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரையில் வந்து முட்டின. சீட்டுக்கார அம்மா கடைசி. "நான் ஒண்ணுமே பண்ணலை மேடம்" என்றார்.

அந்த மூன்று பக்கத்தையும் நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். கொட்டகையின் இடத்தைப் பார்க்காமல் கூரையை முடிக்க முடியாது. புதன்கிழமை வாருங்கள், இரண்டு மணிக்கு முன்னால் வந்தால் காற்றைப் பார்க்கலாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில் ஓர் அறை சொல்லியிருக்கிறேன், ஒரு நாளைக்கு மட்டும். மறுநாளும் இருக்க வேண்டுமா என்பதை நான் சொல்கிறேன்.

மண்ணுக்காரி