ரோசாவிடம் சொல்லாத வாக்கியம்

2008 நவம்பர், வியாழன்

மில்பிடாஸ் ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து மேஜை ரோசா. வேலையிடத்தில் பேசும் வாக்கியங்களை அவள் ஸ்பானிஷில் சொல்லித் தருவாள், நான் இங்கிலீஷில். ஷிஃப்ட் முடிந்ததும் நான் "அஸ்தா மன்யானா" என்பேன், அவள் அதையே இங்கிலீஷில் "சீ யூ டுமாரோ" என்பாள்.

இன்று மதியம் மேனேஜர் முரளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே வேலை இல்லைன்னு ஸ்பானிஷ்ல எழுதிக் குடுங்க. ரோசாவுக்குத்தான். காலையில நானே படிச்சுச் சொல்லிடறேன். இன்னிக்கு மூச்சு விடாதீங்க."

எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் ரோசா வழக்கம்போல "சீ யூ டுமாரோ" என்றாள். நான் "டேக் கேர்" என்றேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

அவளை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்றிருந்தேன். அது மட்டுமில்லை. தினமும் "நாளைக்குப் பாக்கலாம்" என்று கிளம்பும் முரளி, இன்று என்னிடம் "பாத்து டிரைவ் பண்ணுங்க" என்றார்.