மைக்கை அணைக்க மறந்தவர்

அன்புள்ள ரிட்சுகோவுக்கு,

மழையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பாள் அம்மா. மழை பெய்கிறது. துணி காயவில்லை. போதும்.

டோக்கியோவில் நீ எழுதும் தொலைக்காட்சி நாடகத்தை இங்கே ஒரு வீடு விடாமல் பார்க்கிறார்கள். போன மாதம் வந்த பகுதியில், நகராட்சி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்க்கிறாரே, அதற்கு நானும் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அத்தான் சிரிக்கவில்லை.

நகராட்சியில் அறிவிப்பு வாசிக்கிற அவருக்கே நடந்ததை இரண்டு வருடத்துக்கு முன் உனக்கு எழுதியவள் நான்தான். "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்று என்னைச் சொல்லிவிட்டுப் போன அன்று, தடுப்பூசி அறிவிப்புக்குப் பின்னால் அவர் குரல் மலைவரைக்கும் கேட்டது: "சயோரி, நான் பேசினது தப்புதான். நீ இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது... ச்சே, இது சரியில்ல. மறுபடியும்."

மூன்று முறை. மீன்கடை இசோபே மறுநாளே, "தெட்சுரோ, மூணாவதுதான்டா நல்லா இருந்துச்சு" என்று முதுகில் தட்டினார். ஊர் ஒரு வாரம் சிரித்து, பிறகு விட்டுவிட்டது. உன் நாடகம் வந்த பிறகு அந்த ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அவர் சைக்கிளில் போனால் பள்ளிப் பிள்ளைகள் "மறுபடியும்!" என்று கத்துகிறார்கள்.

அறிவிப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த ஆள் வாசிக்கிற வேகத்தில், ஊருக்குள் கரடி வந்திருக்கிறது என்ற எச்சரிக்கைகூட யாருக்கும் புரியவில்லை. மலைக்கிளை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதி, முத்திரையும் குத்தி வைத்திருக்கிறார். நாளை கொடுக்கப் போகிறார்.

அதைவிட மோசம், உனக்குச் சொன்னது இசோபே என்று நினைக்கிறார். நாற்பது வருட சிநேகம். கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "உன் புருஷனுக்கு நான் என்னம்மா பண்ணேன்?" என்று இசோபே நேற்று என்னிடம் கேட்டார். மீன் விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் நாடகத்து மனைவி ஓடிப்போய் அதே மைக்கில், "சோறு ஆறுது, வாங்க" என்கிறாள். நான் அன்று சூப்பில் இரண்டு சிப்பி அதிகம் போட்டேன். அவ்வளவுதான். அவரும் அந்த வார்த்தைகளை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் நான்தான் கேட்டிருப்பேனே என்று நினைத்திருப்பார், ஊரே கேட்டதே.

காலையிலிருந்து மூன்று தடவை செருப்பை மாட்டிக் கழற்றிவிட்டேன். இன்று அந்த மாற்று ஆள் விடுப்பு. ஐந்து மணிக்கு அவரே வாசித்தாக வேண்டும். போய்ச் சொல்லிவிடப் போகிறேன், எழுதியது நான் என்று. மைக் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க நினைத்தேன். இப்போது, பார்க்க வேண்டாம் என்று தோன்றுகிறது. இசோபேவின் காதிலும் விழட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக எழுது, எல்லாரையும் சிரிக்க வை. இன்று ஐந்து மணிக்கு நடக்கப் போவதை மட்டும் எங்களுக்கே விட்டுவிடு.

உன் அக்கா,
சயோரி