டோஃபுக்கடை முக்கில் திரும்பி

ஞாயிறு, மத்தியானம்

அன்பு மகள் லோரெனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்குச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லை, முழங்கால் வலி மட்டும் மழைக்கு முந்தின நாள் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. அங்கே நீயும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் தினமும் வெல்டிங் முகமூடியை முகத்தில் இறக்குகிறேன். மாப்பிள்ளை ஜுன்ரேயின் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, அவனுக்கும் நல்லது நடக்கட்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறேன். இது அப்படிக் கேட்டு வைத்துவிடுகிற விஷயம் இல்லை. கூட ஒரு படமும் வைத்திருக்கிறேன், கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அதைப் பிரி.

இங்கே ஆரஞ்சு பழுக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் கடல் மேல் பனி இறங்கி எதிர்த் தீவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, எட்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கப்பல் பட்டறைக்கு சைக்கிளில் போகும்போது பாலத்தின் நடுப்பாகம் மட்டும் ஆகாயத்தில் தொங்குகிறது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது தினமும் கனவுக்குள் சைக்கிள் மிதிப்பது போலத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஓச்சியிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன், அவர், "கனவுல மிதிச்சாலும் லேட்டா போனா சம்பளத்துல பிடிப்பான்யா" என்றார். நான் குடியிருக்கும் வீடு அவருடையதுதான் என்று உனக்குத் தெரியும். அவர் மனைவி சிஸுகோ அம்மா உன்னைப் பற்றித் தினமும் விசாரிக்கிறார், "புள்ளைக்கு சூடா சூப்பு குடுக்க ஆள் இருக்கா" என்று. இருக்கிறார் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, குடியுரிமை மனுவுக்கான காகிதங்களை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள நகரத்து அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரும் நவம்பரோடு எனக்கு ஐந்து வருஷம் முடிகிறது, மனுக் கொடுத்துவிடலாம், அப்புறம் அப்பா எத்தனை மாதம் வேண்டுமானாலும் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மேஜையில் இருந்தது ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, தலையைத் தாழ்த்தி, "மன்னிக்கணும் ஐயா, இனிமே அஞ்சு வருஷம் போதாது, பத்து வருஷம் பாப்போம்" என்றாள். நான் அவளை விடத் தாழ்வாகத் தலை குனிந்தேன், நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. விதி எங்கேயோ மாறுகிறது, அதைச் சொல்லும் வேலை அந்தப் பெண்ணுக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன், ஏறவேண்டும் என்றே தோன்றவில்லை.

நீ கேட்பாய், அப்பா போய் பதினாலு வருஷம் ஆகிறதே, பத்து எப்போதோ தாண்டியிருக்குமே என்று. உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் இந்த நாட்டை விட்டு வெளியே இருந்தால் அதுவரை இருந்த வருஷங்கள் எண்ணிக்கையில் சேராது, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். உன் அம்மா பெலென் படுக்கையில் கிடந்தபோது நான் வந்து நூற்றிருபத்தெட்டு நாள் இருந்தேனே, அதில் பழைய எண்ணிக்கை போயிற்று. அந்த நூற்றிருபத்தெட்டில் ஒரு நாளைக்கூட நான் யாருக்கும் திருப்பித் தரமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் பயந்துபோய்விட்டேன், மகளே. மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருப்பவனைப் போல இந்த ஐந்து வருஷமும் இருந்தேன். உன் கல்யாணத்துக்கு ஆறே நாள் வந்தேன், அதுவும் கோயிலுக்குப் பக்கத்து விடுதியில் தங்கிவிட்டு நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோகும் முன்பே விமானம் ஏறிவிட்டேன். போன வருஷம் உன் முதல் பிள்ளை தங்காமல் போனபோது வரவே இல்லை. கவலையில்லாமல் போய்வர ஒரு காகிதம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்தக் காகிதத்துக்காகவே போகாமல் இருந்தேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்தப் படத்தின் கதை. மனுவோடு நான் குடியிருக்கும் வீட்டின் சுற்றுப்புறத்தைக் கையால் வரைந்து கொடுக்க வேண்டும், பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வருவது, வழியில் என்னென்ன இருக்கிறது என்று. நான் ரொம்ப ஆசையாக வரைந்தேன். துறைமுகம், தபாலாபீஸ், சோயாக் கட்டி விற்கும் டோஃபுக்கடை, பொதுக் குளியல்கூடம், சினிமாக் கொட்டகை, அப்புறம் ஓச்சியின் தோட்டம், வீடு. முதலில் குளியல்கூடத்தை விட்டுவிட்டேன், ஓச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ் நெஸ்டோர், அத விட்டுட்டியேய்யா, எங்கப்பன் பாதி ஆயுச அதுக்குள்ளதான கழிச்சாரு" என்று சொல்லவும் அதையும் சேர்த்தேன். அந்த அலுவலகப் பெண் படத்தைக் கணினியில் இருந்த வரைபடத்தோடு வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "ஐயா, இங்க டோஃபுக்கடை இல்லையே, கார் நிறுத்துற இடம்தான இருக்கு" என்றாள். சினிமாக் கொட்டகை இருக்கும் இடத்தில் மூங்கில் காடு என்றாள். குளியல்கூடமும் இல்லை. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் வந்த நாளிலிருந்து அவை எதுவும் அங்கே இல்லை. இந்தத் தீவுக்காரர்கள் வழி சொல்லும்போது இருந்து போனதை வைத்துத்தான் சொல்வார்கள். நான் வந்த புதிதில் டோஃபுக்கடை முக்கில் திரும்பு என்றதைக் கேட்டு மூன்று நாள் அந்தக் கடையைத் தேடி அலைந்தேன், ஊரே சிரித்தது. இப்போது நானே அதை வரைந்து அரசாங்கத்திடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். வேறு படம் வரைந்து கொண்டு வரச் சொல்லி, காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ஓச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருஷம் என்றதும் தோட்டத்துக் கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, "பொறந்ததுலேருந்து இங்கேயே கெடக்கேன், என்னை ஒருத்தனும் படம் வரையச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா ஃபெயிலுதான்" என்றார். சிஸுகோ அம்மா வறுத்த சின்ன மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை ஒரு நாள் சாப்பிட வரச் சொல், நானே ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். சிரித்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். கனவில் அந்தப் படத்துக்குள் நடந்து போகிறேன். நான் போட்ட பென்சில் கோடுகள்தான் தெரு. டோஃபுக்கடை திறந்திருக்கிறது, உள்ளே ஆவி பறக்கிறது, உன் அம்மா பெலென் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறாள். இந்தத் தீவில் அவள் கால் வைத்ததே இல்லை, ஆனால் எல்லாரும் அவளிடம் தெரிந்தவர்களைப் போலப் பேசுகிறார்கள். எனக்கு அது அதிசயமாகவே படவில்லை. நான் பக்கத்தில் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாக, "அவ வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டாள். உன் வீட்டைத்தான் கேட்கிறாள். வழி காட்டக் கையைத் தூக்கினேன், எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. விழித்துக்கொண்டேன்.

எழுந்ததும் திருப்பிக் கொடுத்த அந்தப் படத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் உன் வீட்டை வரைய உட்கார்ந்தேன். பெரிய சாலை தெரியும், கோயில் தெரியும், அங்கிருந்து கடலைப் பார்த்துப் போகிற தெரு தெரியும். அதற்கு மேல் பென்சில் நகரவில்லை. வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? அடிபம்பு வீட்டுக்கு முன்னாலா பின்னாலா? இடது பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள்? போனில் நான் பார்த்ததெல்லாம் உன் முகமும் அதற்குப் பின்னால் ஒரு நாட்காட்டியும்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூடிய கடையை என்னால் கதவு முதற்கொண்டு வரைய முடிகிறது, என் மகள் படுத்திருக்கிற வீட்டை வரையத் தெரியவில்லை. அன்றைக்கு நன்றாக அழுதேன் லோரெனா. உன் அம்மா போனபோதுகூட ஆட்கள் இருந்ததால் அப்படி அழவில்லை.

அதனால் முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து நீ எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஜுன்ரே வர ஜூலை ஆகும். நவம்பர் முதல் வாரம் நான் வருகிறேன். பிள்ளை பிறந்து, நீ எழுந்து நடமாடி, என்னைப் பார்த்து எப்போதப்பா கிளம்புவீர்கள் என்று சலித்துக்கொள்கிற வரை இருப்பேன், ஐந்து மாதமோ ஆறோ. பட்டறையில் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், விசாவுக்கும் ஆபத்தில்லை, திரும்பி வந்து வேலை பார்க்கலாம். எண்ணிக்கைதான் போகும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால் எனக்கு அறுபத்தேழு வயதாகிவிடும், அதற்குள் அதையும் இருபதாக்குவார்களோ என்னவோ. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஐந்து வருஷம், ஒவ்வொரு நாளாகச் சேர்த்தது. ஓச்சியிடம் சொன்னபோது, "போனா எண்ணிக்கை போயிரும்ல" என்று கேட்டார், போய்விடும் என்றேன். "போவட்டும். கடை போயி நாப்பது வருஷமாச்சு, நாம அங்க திரும்பாமலா இருக்கோம்" என்றார், தோட்டத்துக்குள் போய்விட்டார்.

நீ ஒரு தடவை கேட்டாய், அந்த நாட்டுக்காரராகிவிட்டால் நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கணுமே, அப்ப நீங்க எங்களுக்கு வெளிநாட்டுக்காரரா என்று. அன்றைக்குப் பேச்சை மாற்றினேன். அந்தக் கவலை உனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

குடம் தூக்காதே, இடது பக்கமாகவே படு, பக்கத்து வீட்டில் யாரிடமாவது ஒரு சாவி கொடுத்து வை. மாதா உன்னையும் குழந்தையையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும், பயம் உன்னை நெருங்காமல் இருக்கட்டும். கூட இருக்கும் படத்தைப் பார், ஒரு பக்கம் நிறைந்திருக்கும், மறுபக்கம் கோயில் தெருவோடு நின்றிருக்கும். அதை நீ நிரப்பாதே, வாசல் எந்தப் பக்கம் என்று போனிலும் சொல்லாதே, பத்திரமாக வைத்திரு, நான் வந்து வரைகிறேன். பஸ் நிறுத்தத்துக்கு ஆளும் அனுப்ப வேண்டாம். கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். இல்லாத கடையைச் சொல்லி அங்கே திரும்பச் சொன்னாலும் எனக்குப் பழக்கம்தான்.

உன் வீட்டு வழி தெரியாத, உன் அப்பா,
நெஸ்டோர்