உத்தரவு கண்ணுவின் இரண்டு விநாடி

செப்டம்பர் 9, செவ்வாய்

அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்து ஆறு நாள் ஆகிறது. கண்ணாடி போட நாற்பது நாள் போக வேண்டும், அதுவரை போனைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தொடவில்லை. என்னைத் தொடச் சொல்கிறார். அலுவலகத்திலிருந்து வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போடவில்லை, கூடத்திலிருந்து குரல்: "கயலு, கமெண்ட்டு படிம்மா."

வேளாண்மைத் துறையில் வேலை என்றால் பகலெல்லாம் விவசாயிகளின் குறை. வீட்டுக்கு வந்தால் ரசிகர்களின் குறை.

இருபத்திரண்டு வருடம் ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு டிவியில் வந்தவர் அப்பா. இளையபெருமாள் என்றால் யாருக்கும் தெரியாது. 'உத்தரவு கண்ணு' என்றால் தெரியும். பண்ணையாள் வேஷம். யாரைக் கண்டாலும் தோள் துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கி, இடுப்பு ஒடியக் குனிந்து, "உத்தரவுங்க!" என்பார். எருமைக்கும் சொல்வார், வைக்கோல் பொம்மைக்கும் சொல்வார், ஒரு தடவை ஃப்ரிட்ஜுக்கும் சொன்னார். நிகழ்ச்சி நின்று நாலு வருடம். தம்பி அன்பரசன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு பழைய எபிசோடுகளை யூடியூபில் ஏற்றுகிறான். அதற்குக் கீழேதான் சண்டை.

ஒருவர்: 'எங்கள் அப்பா கடைசியாகச் சிரித்தது உங்களைப் பார்த்துத்தான் ஐயா.' அடுத்தவர்: 'கூலிக்காரனைக் கேலி செய்தே பிழைத்த ஆள்.' அதன்மேல் அறுபது பேர் அடித்துக்கொள்கிறார்கள். நான் நல்லதாகப் பொறுக்கிப் படித்தேன்.

"அடுத்தது?"

"அவ்வளவுதாம்ப்பா."

"அறுபத்திரண்டு இருக்குன்ன. அஞ்சுதானே படிச்ச?"

கண் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரிகிறது.

செப்டம்பர் 10

தலைவலி, இன்று முடியாது என்று சொல்லி மாடிக்கு வந்துவிட்டேன். தலைவலி இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்துல் மஜீது மாமா வந்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அப்பாவும் அவரும் மூன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு. அப்பாவை இன்றைக்கும் "பெருமாளு" என்று கூப்பிடும் ஒரே ஆள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்யாண மண்டபத்தில் அப்பாவுக்குப் பாராட்டு விழாவாம். மாமாதான் கமிட்டித் தலைவர். "ஐநூறு துண்டு ஈரோட்டுல சொல்லிட்டேன். வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. பெருமாளு மேடையில துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சதும், கீழ ஐநூறு பேரும் ஒண்ணா வெச்சு, ஒண்ணா குனிஞ்சு, 'உத்தரவுங்க!' எப்படி?"

சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. பொன்னாடை போர்த்தப்போவது யார் என்று கேட்டேன். பண்ணை வீட்டு மகன். ரிட்டையர்டு எஞ்சினியர், பாவம், நல்ல மனுஷன்தான். ஆனால் அவருடைய அப்பா வாசலில்தான் என் தாத்தா வைரக்கண்ணு, வருடம் முழுக்கத் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பைத்தான் அப்பா டிவிக்குக் கொண்டுபோனார். தாத்தாவின் பேரில் பாதியையும் சேர்த்து.

இது மாமாவுக்குத் தெரியாதா? தெரியும். யோசித்திருக்க மாட்டார். அவர் மனதில் இருப்பது துண்டு மட்டும்தான்.

"பொன்னாடை நீளம் பத்துமா பாருங்க, ஆறடி ஆளாச்சே" என்றார் அம்மா. டிவியில் பார்த்தவர்கள் நேரில் பார்த்தால் நம்ப மாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் குனிந்தே நடித்ததில் அப்பாவின் உயரம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மஜீது மாமாவிடம் எதையும் மறுத்துப் பழக்கம் இல்லை அவருக்கு.

செப்டம்பர் 17, புதன்

சம்பா நெல்லுக்கு விதை நேர்த்தி செய்து விவசாயிகளுக்குக் காட்டப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவர் துண்டை இடுக்கிக் குனிந்தார்: "உத்தரவுங்க மேடம்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நாளைக்கு ஒருத்தரும் கூட்டத்துக்கு வரமாட்டார்.

ஒன்பதாம் வகுப்பிலும் இப்படித்தான் சிரித்தேன். நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் எல்லாம் தாவணியைக் கக்கத்தில் இடுக்குவார்கள். அவர்களில் பாதிப் பேரின் தாத்தா நெல் விற்றவர். என் தாத்தா அறுத்தவர். சிரிப்பு ஒன்றுதான், ஆனால் யார் சிரிக்கிறார்கள் என்று ஒன்று இருக்கிறதே. அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. என்னவென்று சொல்வது? உங்களை ஊரே கொண்டாடுகிறது, எனக்கு மட்டும் கூசுகிறது என்றா?

இன்று முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். ஒன்று கண்ணில் பட்டது. வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்து எழுதிப் போட்டுவிட்டேன். பெயர் கேட்டது, மத்தியானம் தூர் வாராத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த ஞாபகத்தில் 'வடிகால்' என்று போட்டேன். எழுதியது இது:

'முதல் வருட எபிசோடுகளைப் பாருங்கள். கண்ணுவின் கை துண்டுக்குப் போகும். போய் அங்கேயே நிற்கும், இரண்டு விநாடி. நம்மைப் பார்ப்பார். பிறகுதான் உருவுவார். அந்த இரண்டு விநாடியில், இவன் குனியமாட்டானோ என்று எதிரில் நிற்பவன் விழிப்பான். அதுதான் சிரிப்பு. மூன்றாம் வருடத்திலிருந்து அது இல்லை. பிறகு இருபது வருடம் வெறும் குனிதல்தான்.'

போட்ட பிறகு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். அழிக்கவில்லை.

செப்டம்பர் 21

ஆயிரத்து நூறு லைக். 'நெத்தியடி' என்கிறார்கள் பாதிப் பேர். 'நீ என்ன சாதித்தாய்?' என்கிறார்கள் மீதிப் பேர். ஒருவர் என் குடும்பத்தையே திட்டியிருக்கிறார். அதாவது அப்பாவுக்காக அப்பாவையே திட்டியிருக்கிறார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அன்பரசன் போனில் உளறிவிட்டான். "யாரோ வடிகால்னு ஒரு ஆளு நீளமா எழுதியிருக்கான்ப்பா, அதுதான் இப்ப ஓடுது."

"அதைப் படிம்மா."

படித்தேன். நான் எழுதியதை நானே, யாரோ எழுதியதுபோல. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டேன். சளி என்றேன்.

"இன்னொருக்கா படி."

படித்தேன். அம்மா உள்ளே கருவாடு கழுவிக்கொண்டிருந்தார். அப்பா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டைரக்டர் சொன்னாரு. அந்த ரெண்டு செகண்ட் வேணாம் சார், டைம் போகுதுன்னு. சரின்னுட்டேன். அதை எடுத்தப்புறம் கைத்தட்டல் கூடுச்சும்மா. அதான் வெனை." பிறகு, "உங்க தாத்தா பஞ்சாயத்து டிவியிலதான் பாப்பாரு, நின்னுக்கிட்டே. மொத வருசம் சிரிச்சு சிரிச்சு இருமுவாரு. அப்புறம் பாக்க வர்றதில்ல. கண்ணு வலின்னாரு. ஏன்னு நானும் கேக்கல. கேட்டா சொல்லிடுவாரேன்னு பயம்."

முப்பத்தாறு வயதில் இதை முதல்முறையாகக் கேட்கிறேன்.

"யாரும்மா அது? பேரென்ன?"

"வடிகால்னு போட்டிருக்கு."

"மேட்டுல இருக்கறவனுக்கு வாய்க்கா ஞாபகம்தான் வரும். வடிகால்னு வெச்சிக்கிறவன் தண்ணி தேங்குற பள்ளத்துக்காரன். நம்ம ஆளு."

செப்டம்பர் 24

வடிகாலுக்குப் பதில் எழுதச் சொன்னார். 'அன்புள்ள வடிகால் அவர்களுக்கு' வரை தட்டினேன். மேலே ஒன்றும் வரவில்லை அவருக்கு. "அழிச்சிடு. கண்ணாடி வரட்டும், நானே எழுதிக்கிறேன்."

மேலே வந்து அழுதேன். இதை ஏன் நேரே சொல்ல முடியவில்லை? வேறு பேரில் ஒளிந்து எழுதியது யார்? துண்டை இடுக்கிக்கொண்டு நிற்பது நானா, அவரா?

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அந்த வடிகால் நான்தான் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். நாற்று நட்ட கைதானே, நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்:

"நான் வயல்ல குனிஞ்சப்ப யாரும் கைதட்டலடி. அவருக்குத் தட்டுனாங்க. அந்த மட்டுக்கும் தேவலைன்னு இருந்துட்டேன்."

"அப்ப நான் எழுதுனது தப்பாம்மா?"

"தப்புன்னா சொன்னேன்? அவருகிட்ட சொல்லாம ஊருகிட்ட சொன்னியே, அது தப்பு."

அக்டோபர் 6

மழை. அறுத்த குறுவை நெல் ரோட்டில் காய்கிறது, நனைகிறது, மறுபடி காய்கிறது. நானும் அப்படித்தான்.

அக்டோபர் 15, புதன்

கண்ணாடி வந்துவிட்டது. காலையிலிருந்து அப்பா போனும் கையுமாக இருக்கிறார். எல்லாவற்றையும் படிக்கிறார், நான் மறைத்ததெல்லாம். சாப்பிட உட்கார்ந்தபோது, "நல்லா பொறுக்கிப் பொறுக்கித்தான் படிச்சிருக்க" என்றார். கோபமா? தெரியவில்லை. ஒரு அப்பளம் எடுத்து என் தட்டில் வைத்தார்.

அக்டோபர் 20, தீபாவளி

டிவியில் பழைய 'கண்ணு' போட்டார்கள். எருமைக்கு உத்தரவு கேட்கும் காட்சி. பக்கத்து வீட்டில் வெடிச்சிரிப்பு. எங்கள் வீட்டில் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு பண்டிகைக்கு மட்டும் வரும் என் கணவர் பகலவன்கூடச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். வாழைக்குக் கீழே நின்று கையைத் தோளுக்குக் கொண்டுபோனார், இறக்கினார். மறுபடி கொண்டுபோனார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மஜீது மாமா கடையில் துண்டு மூட்டை வந்து இறங்கிவிட்டது. இனிப் பேசாமல் இருந்தால் எப்போதும் பேச முடியாது என்று தோன்றியது. கேட்டேவிட்டேன்.

"அப்பா, அங்க குனியாதீங்க. வேற எந்த ஊருன்னாலும் நான் கேக்க மாட்டேன். அந்த வீட்டு ஆளு முன்னால, ஐநூறு பேரையும் சேத்துக்கிட்டு... வேணாம்ப்பா. தாத்தா நின்னது போதும்."

"மஜீது ஆசையா வாங்கிட்டானே." சலித்துப்போன குரல். "ஜனங்க அதைப் பாக்கத்தான் வர்றாங்க. அது இல்லன்னா நான் யாரு கயலு? ஒரு கெழவன். அறுபத்தஞ்சு வயசுல புதுசா என்ன பண்ணச் சொல்ற?"

வடிகால் என்றால் ஏதாவது எழுதியிருப்பாள். நான் படியேறி மாடிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. வாசலில் மஜீது மாமா ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று. அப்பா மேடையேறியதும் "உத்தரவுங்க! உத்தரவுங்க!" என்று கூச்சல். பின்வரிசையிலிருந்து நாலைந்து இளைஞர்கள், "குனியாதீங்க ஐயா!" என்று கத்தினார்கள். உட்காருடா என்று சிலர் அவர்களைத் திட்டினார்கள். கமெண்ட்டில் நடந்த சண்டைக்குக் கையும் காலும் முளைத்து வந்ததுபோல் இருந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

பண்ணை வீட்டுக்காரர் பொன்னாடையோடு வந்து எதிரே நின்றார். குள்ளமான மனிதர். அப்பாவின் முதுகு லேசாக வளைந்தது. கை தோளுக்குப் போனது. கீழே ஐநூறு கைகளும் ஐநூறு துண்டுகளுக்குப் போயின. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. திறந்தேன்.

கை துண்டிலேயே இருந்தது. அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணத் தொடங்கினேன், வாய்விட்டே எண்ணினேன் போலிருக்கிறது. இரண்டு போனது. ஐந்து போனது. சிரிக்கத் தயாராக இருந்த மண்டபம் அப்படியே அடங்கியது. பண்ணை வீட்டுக்காரர் பொன்னாடையைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தார். ஒன்பது. பத்து. பதினொன்றில் அப்பா கையைத் துண்டிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டு நிமிர்ந்தார். ஆறடியும் நிமிர்ந்தார். அவர் இவ்வளவு உயரமென்று எனக்கே மறந்துபோயிருந்தது.

பண்ணை வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். நெஞ்சுவரைதான் எட்டியது. நுனிக்காலில் நின்றார். ஒரு எம்பு எம்பினார். பொன்னாடை அப்பாவின் முழங்கையில் மாட்டித் தொங்கியது. அப்பா குனியவில்லை. கண்ணை மட்டும் இறக்கி, ரொம்ப மரியாதையாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புவதுபோல் கேட்டார்:

"உத்தரவுங்களா?"

மண்டபம் இடிந்தது. இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மஜீது மாமா பதறிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பண்ணை வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, மாமாவின் தோளைப் பிடித்து, நாற்காலிமேல் ஏறி நின்று போர்த்தினார். அவரும் சிரித்தார். வேறு வழி? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை, என் கண் சரியாகத் தெரியவில்லை.

ஐநூறு துண்டும் தோளிலேயே வீட்டுக்குப் போயின.

நவம்பர் 3

வீடியோ ஓடுகிறது. 'வயதானாலும் திமிர் போகவில்லை.' 'இதற்குத்தான் இருபது வருடம் காத்திருந்தேன்.' 'உத்தரவு கண்ணு என்று கூட்டிவைத்து ஏமாற்றிவிட்டார்கள்.' 'மேடை மரியாதை தெரியாதவர்.' 'தெய்வமே.' பாதிக்குப் பாதி. ஆக, ஒன்றும் மாறவில்லை. மஜீது மாமாவுக்கு மட்டும் சின்ன வருத்தம். "ஐநூறு துண்டும் வேஸ்ட்டு பெருமாளு." அதற்கு அப்பா, "எவன் சொன்னான்? தொடைச்சிக்கட்டும்" என்றார்.

அலுவலகத்தில் யாரும் இன்று என்னிடம் உத்தரவு கேட்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அசதி. வந்ததும் மாடியில் படுத்துவிட்டேன். போனில் மணி அடித்தது. வடிகாலுக்கு ஒரு பதில் வந்திருக்கிறதாம். அப்பாவின் சொந்தக் கணக்கிலிருந்து. அவரே ஒற்றை விரலால் தட்டியது, பிழையும் அவருடையதே:

'வடிகால் அவர்கலுக்கு வணக்கம். ரெண்டு வினாடி கேட்டீர்கள். பதினொன்று குடுத்திருக்கிறேன். நீ எண்ணினதை மேடையில் இருந்து பாத்தேன். மிச்சம் உன் தாத்தாவுக்கு. கெலுத்தி மீன் கொழம்பு ஆறுது. கீழ வா கயலு.'

அதற்குள் நாற்பத்தேழு பேர் லைக் போட்டிருந்தார்கள். இறங்கிப் போனேன்.